சுத்தியலும் தந்தியும்: பியானோப் பொறி வளர்ந்த வரலாறு

அரசர்களின் வரலாறும் போர்களின் வரலாறும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. கருவிகளின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கின்றது. ஓர் இசைக்கருவியைப் பற்றிப் பேசுவோர் அதனை வாசித்த மேதையரின் பெயர்களைக் கூறுவர். அதனுள்ளே கண்ணுக்குப் புலனாகாது இயங்கும் மரத்துண்டுகளையும் தோலையும் வில்லையும் இசைவித்த கைவினைஞரை நினைப்பார் சிலரே. மோட்சார்ட், பீத்தோவன், சோப்பின், லிஸ்ட் என்னும் பெயர்களை அறிந்தோர் பலர். அவர்தம் விரல்களுக்கு வழிவகுத்த கிறித்தோபோரி, ஸ்டைன், எராட் என்போரை அறிந்தோர் எத்துணைப் பேர்?

பியானோப் பொறியின் வரலாறு, ஒரே வினாவுக்கு முந்நூறு ஆண்டுகளாகத் தேடப்பட்ட விடைகளின் வரலாறாகும். வாசிப்போனின் விரலுக்கும் தந்திக்கும் இடையே நிற்கும் பொறி, அவ்விரலின் எண்ணத்தைச் சிதைக்காது தந்தியிடம் சேர்ப்பது எங்ஙனம் என்பதே அவ்வினா. அதற்குரிய விடைகள் படிப்படியாக மேலேறிச் சென்றன என்று எண்ணுதல் தவறு. அடிப்படையான விடை தொடக்கத்திலேயே கிடைத்தது. பலரால் அது புறக்கணிக்கப்பட்டது. நெடுங்காலத்தின் பின்னரே முழுப்பயன் தந்தது. அதன் பின்னரும் ஒவ்வொரு திருத்தமும் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை எடுத்துக்கொண்டது.

சிக்கலின் இயல்பு

வீணை வாசிப்போன் தந்தியைத் தன் விரலாலேயே மீட்டுகின்றான். மெல்ல மீட்டினால் மெல்லொலியும் வலிந்து மீட்டினால் வல்லொலியும் பிறக்கும். ஆர்மோனியத்திற் போன்று விரலாற் கட்டைகளை அழுத்தி இயக்கும் தந்திக் கருவிகளில் நிலைமை வேறு. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற் பெருவழக்காயிருந்த ஆர்ப்சிக்கோட் என்னும் கருவியிற் கட்டையை அழுத்தியதும், இறகுக் காம்பினாலான சிறு முனையொன்று தந்தியைச் சுண்டிவிடும். விரல் மெல்ல அழுத்தினும் வலிந்து அழுத்தினும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவினதாகவே இருக்கும். கிளவிக்கோட் என்னும் மற்றொரு கருவியிற் கட்டையின் பின்முனையிலுள்ள பித்தளைத் தகடு தந்தியைத் தொட்டு அதனோடு ஒட்டி நிற்கும். அது விரலின் ஏவலுக்கு நன்கு பணிந்தது. ஆனால் அதன் ஒலியோ ஒரு சிற்றறைக்கே போதுமானது.

ஓசையும் வேண்டும், பணிவும் வேண்டும் எனின் தந்தியைச் சுத்தியலால் அடித்தல் வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது. அடித்த சுத்தியல் உடனே விலகிவிட வேண்டும். விலகாது நின்றால், தான் எழுப்பிய அதிர்வைத் தானே அடக்கிவிடும். விரலோ கட்டையை அழுத்தியபடியே இருக்கின்றது. கட்டை சுத்தியலை இறுதிவரை தள்ளிச் சென்றால், சுத்தியல் தந்தியோடு ஒட்டிக்கொள்ளும். நெடுந்தொலைவிலேயே தள்ளுவதை நிறுத்திவிட்டால், மெல்ல வாசிக்கும்போது சுத்தியல் தந்தியை எட்டாமலே வீழ்ந்துவிடும். ஆகவே, தந்திக்கு மிக அண்மைவரை சுத்தியலைக் கொண்டுசென்று, அக்கணமே அதனைக் கைவிடும் ஓர் அமைப்பு வேண்டும். அதனை விடுவிப்பு எனலாம். இன்றைய பெரும் பியானோவிற் கட்டை ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தாழும்போது சுத்தியல் ஏறத்தாழ 45 மில்லிமீற்றர் உயர்கின்றது. தந்திக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் எஞ்சியிருக்கும்போது விடுவிப்பு நிகழ்கின்றது. அவ்விறுதி இடைவெளியைச் சுத்தியல் தன் வேகத்தாலேயே கடக்கின்றது. பிடித்தல் எவ்வளவு வேண்டுமோ, விடுதலும் அவ்வளவு வேண்டும் என்பதே இப்பொறியின் அடிப்படைத் தத்துவம்.

புளோரன்சு நகரிற் பிறந்த விடை

பார்த்தொலோமியோ கிறித்தோபோரி 1655 ஆம் ஆண்டிற் பாதுவா நகரிற் பிறந்தவர். 1688 ஆம் ஆண்டளவில் தசுக்கனி இளவரசர் பேர்தினாந்தோ தெ மெடிச்சியின் பணியில் அமர்ந்து, புளோரன்சு நகரில் இசைக்கருவிகளை ஆக்கியும் பேணியும் வந்தார். அக்குடும்பத்தின் கருவிகளைக் குறித்த 1700 ஆம் ஆண்டுப் பட்டியலில், மென்மையாகவும் வன்மையாகவும் ஒலிக்கும் புதிய கருவியொன்று அவருடைய ஆக்கமாகக் குறிக்கப்பட்டுள்ளது. மெல்லொலி, வல்லொலி எனப் பொருள்படும் பியானோ, போர்ட்டே என்னும் இத்தாலியச் சொற்களே பின்னர் அக்கருவிக்குப் பெயராயின. அவர் செய்த பியானோக்களுள் மூன்று இன்றும் உள. 1720 ஆம் ஆண்டுக் கருவி நியூயோர்க்கிலும், 1722 ஆம் ஆண்டுக் கருவி உரோமாபுரியிலும், 1726 ஆம் ஆண்டுக் கருவி இலைப்சிக்கிலும் பேணப்படுகின்றன.

அக்கருவிகளை ஆராய்வோர் வியப்புறுவர். கட்டையின்மேல் ஓர் உந்துகோல் நிற்கின்றது. அது ஓர் இடைநெம்பை உயர்த்த, இடைநெம்பு சுத்தியலை இன்னும் விரைவாக உயர்த்துகின்றது. சுத்தியல் தந்தியை அணுகியதும் உந்துகோல் வழுக்கி விலகுகின்றது. கட்டை மீண்டதும் வில்லின் விசையால் அது பழைய இடத்திற்கு வந்துசேர்கின்றது. மீண்டு விழும் சுத்தியல் துள்ளி மறுபடியும் தந்தியை அடியாதவாறு பிடித்துக்கொள்ளத் தாங்கி ஒன்று உண்டு. விரலை எடுத்ததும் ஒலியை நிறுத்த ஒலியடக்கியும் உண்டு. விடுவிப்பு, இடைநெம்பு, தாங்கி, ஒலியடக்கி ஆகிய நான்கும் இன்றைய பியானோவின் இன்றியமையா உறுப்புகளாம். இவை அனைத்தையும் முதன்முதற் சமைத்தவனே ஒருங்கே அமைத்துவிட்டான் என்பது கருவிகளின் வரலாற்றில் அரிதாய்க் காணப்படும் நிகழ்ச்சியாகும்.

புறக்கணிப்பும் மீட்சியும்

எனினும் உலகம் அக்கருவியை உடனே வரவேற்கவில்லை. அறிஞர் சிப்பியோனே மாபெயி கிறித்தோபோரியைக் கண்டு, 1711 இற் பொறியின் வரைபடத்துடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். பியானோவுக்கென்றே இயற்றப்பட்டு முதன்முதல் அச்சேறிய இசை, 1732 இல் வெளிவந்த யுஸ்தீனியின் பன்னிரண்டு சொனாற்றாக்களாம். ஆனால் தொடர்ந்து பிறர் எழுதினாரல்லர். இசுப்பானிய அரசியார் மரியா பார்பராவிடம் இருந்த புளோரன்சுப் பியானோக்களுட் சில ஆர்ப்சிக்கோட்டுகளாகவே மாற்றப்பட்டன. புதியது பழையதாக்கப்பட்ட விந்தை இது. நுண்ணிய பொறியைச் செப்பஞ் செய்யவல்லார் இன்மையும், புதிய தொடுமுறைக்கு விரல்கள் பழகாமையும் இதற்குக் காரணங்களாகலாம்.

மாபெயியின் கட்டுரை 1725 இல் யேர்மன் மொழியிற் பெயர்க்கப்பட்டது. அந்நாட்டின் புகழ்பெற்ற ஓகன் சமைப்பாளரான கொட்பிரீட் சில்பர்மன் 1730களிற் பியானோக்களைச் செய்யலானார். அவற்றை வாசித்துப் பார்த்த யொகான் செபஸ்தியான் பாக், ஒலியைப் புகழ்ந்த போதிலும், மேற்சுரங்கள் நலிந்திருக்கின்றன என்றும் கட்டைகள் மிகக் கடினமாய் இருக்கின்றன என்றும் குறை கூறினாராம். சில்பர்மன் மனம் நொந்தார். ஆயினும் குறையை மறுத்து வாதிடாது, பல ஆண்டுகள் திருத்த வேலையில் ஈடுபட்டார். பிரசிய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் அரண்மனையில் இன்றும் காணப்படும் அவர்தம் பியானோக்களிற் கிறித்தோபோரியின் பொறியே ஏறத்தாழ அப்படியே அமைந்துள்ளது. 1747 இல் அங்கு சென்ற பாக் அவற்றை வாசித்தார். திருத்திய கருவிகளை அவர் முழுமனத்துடன் ஏற்றுக்கொண்டார் என்று அவருடைய மாணவர் அக்கிரிக்கோலா எழுதிவைத்துள்ளார்.

ஆனால் மக்களிடையே பியானோவைப் பரப்பியது இந்த நுண்ணிய பொறியன்று. யேர்மனியிலிருந்து இலண்டனிற் குடியேறிய யொகானசு சும்பே 1766 ஆம் ஆண்டளவிற் சிறிய சதுரப் பியானோக்களை விற்கத் தொடங்கினார். அவற்றிற் கட்டையில் நட்ட கம்பியொன்று தோல்மூடிய தன் முனையாற் சுத்தியலை எற்றிவிடும், அவ்வளவே. விடுவிப்பு இல்லை. செய்வதற்கு எளிது, விலை குறைவு, வீட்டில் வைக்கவும் இடம் சிறிதே வேண்டும். ஆதலின் சிறந்த பொறி அரண்மனையிற் கிடக்க, எளிய பொறி இல்லந்தோறும் புகுந்தது. தரம் ஒன்றே ஒரு கருவியின் தலைவிதியைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

வியன்னாவும் இலண்டனும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விடுவிப்புப் பொறி இருவேறு வழிகளில் மறுபடியும் தழைத்தது. அவுக்சுபேர்க்கு நகரத்து யொகான் அந்திரெயாசு ஸ்டைன் சுத்தியலைக் கட்டையின்மீதே பொருத்தினார். சுத்தியற் காம்பின் பின்முனை ஓர் அலகுபோல் நீண்டிருக்கும். கட்டையின் பின்பக்கம் உயரும்போது அவ்வலகு பின்னேயுள்ள ஒரு நிறுத்தியில் மாட்டிக்கொள்ள, சுத்தியல் மேலெழும். உரிய கணத்தில் நிறுத்தி வில்லை எதிர்த்துப் பின்சாய்ந்து அலகை விடுவிக்கும். 1777 இல் ஸ்டைனின் பட்டறைக்குச் சென்ற மோட்சார்ட், அவர்தம் கருவியிற் சுத்தியல் ஒட்டிக்கொள்ளாமையையும் ஒலி ஒரே சீராய் அமைவதையும் தந்தைக்கு எழுதிய கடிதத்திற் பாராட்டியுள்ளார். ஸ்டைனின் மகள் நானெற்றெ ஸ்ராய்க்கர் 1794 இல் வியன்னாவிற் குடியேறித் தந்தையின் தொழிலைத் தொடர்ந்தார். அவரும் பிறரும் செப்பஞ்செய்த பொறி வியன்னாப் பொறி எனப் பெயர் பெற்றது. அதன் சுத்தியல்கள் சிறியன, கட்டைகள் இலகுவானவை, ஒலி தெளிவானது. விரல் நினைத்த அக்கணமே ஒலி பிறக்கும்.

இலண்டனில் அமெரிக்கசு பாக்கர்சு என்பார் கிறித்தோபோரியின் பொறியிலிருந்து இடைநெம்பை நீக்கி, உந்துகோல் நேரே சுத்தியலைத் தள்ளுமாறு அமைத்தார். அவர் 1772 இற் செய்த பியானோ இன்றும் உளது. புரோட்வூட் முதலானோர் வளர்த்த இவ்வாங்கிலப் பொறி கனத்த சுத்தியலையும் தடித்த தந்தியையும் தாங்கவல்லது. அதன் ஒலி நிறைவானது; ஆனால் தொடுகை ஆழமும் பாரமும் உடையது. புரோட்வூட் நிறுவனம் பீத்தோவனுக்கு அன்பளிப்பாக அனுப்பிய பியானோ 1818 இல் அவரை அடைந்தது.

ஒன்று விரைவைத் தந்தது. மற்றது வலிமையைத் தந்தது. இரண்டையும் ஒருங்கே தரும் பொறி எதுவோ, அதுவே வருங்காலத்தை ஆளும் என்பது தெளிவாயிற்று.

எராட்டின் மீள்நெம்பு

ஆங்கிலப் பொறியின் குறை யாது? ஒரு சுரத்தை மறுபடியும் ஒலிக்க வேண்டுமெனின், விலகிய உந்துகோல் சுத்தியலின் கீழ் மீண்டும் புகவேண்டும். சுத்தியல் முழுவதும் கீழே வந்து, கட்டையும் முழுவதும் மேலே எழுந்தபின்னரே அது கைகூடும். ஒரே சுரத்தை விரைந்து அடுக்கி ஒலிப்பிக்க முயலும் விரல், பொறிக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

இதற்குத் தீர்வு கண்டவர் செபஸ்தியான் எராட். 1752 இல் ஸ்திராஸ்பேர்க்கிற் பிறந்து பாரிசிற் புகழ்பெற்ற இவர், பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில் இலண்டனிலும் தொழில் நடத்தினார். 1808 இல் ஒரு முயற்சியைப் பதிவுசெய்த அவர், மேலும் பல ஆண்டுகள் உழைத்து, 1821 இல் இரட்டை விடுவிப்புப் பொறிக்குரிய காப்புரிமையைத் தம் சகோதரரின் மகன் பியர் எராட்டின் பெயரில் இலண்டனிற் பெற்றார். உந்துகோலுக்குத் துணையாக, வில்லினால் தாங்கப்படும் ஒரு நெம்பைச் சுத்தியலின் கீழ் அவர் வைத்தார். அடித்து மீளும் சுத்தியலை முதலில் தாங்கி பிடித்துக்கொள்ளும். விரல் சிறிது தளர்ந்ததும் தாங்கி விட்டுவிட, மீள்நெம்பு சுத்தியலை முற்றாக விழவிடாது இடைநடுவே ஏந்தி நிற்கும். அவ்விடைவெளியில் உந்துகோல் தன் இடத்திற் புகுந்துவிடும். கட்டை முழுவதும் எழுமுன்னரே அடுத்த அடி ஆயத்தமாகிவிடும். ஆங்கில வலிமையோடு வியன்னா விரைவு இவ்வாறு இணைந்தது. 1840 ஆம் ஆண்டளவில் ஆன்றி ஏர்சு இதனை எளிமையாக்கினார். இன்றைய பெரும் பியானோக்களில் அவ்வமைப்பே விளங்குகின்றது.

1824 இற் பாரிசிலும் இலண்டனிலும் எராட்டின் பியானோவை வாசித்து அவைகளை வியப்பில் ஆழ்த்திய சிறுவன் பிரான்சு லிஸ்ட் ஆவான். எனினும் எராட்டின் பொறியை எல்லாரும் ஒருமுகமாக ஏற்றனர் என்று கூறுதற்கில்லை. சோப்பின் எளிய பொறியுடைய பிளெயல் பியானோவையே பெரிதும் விரும்பினார். வியன்னாவில் வாழ்ந்த பிராம்சின் இல்லத்தில் இருந்தது 1868 ஆம் ஆண்டின் ஸ்ராய்க்கர் பியானோ. வியன்னாப் பொறி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கைவிடப்படவில்லை. விரலோடு நேரே பேசும் எளிய பொறியிற் சில இன்பங்கள் உள என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர் போலும்.

பாரமும் அதன் விளைவும்

பெரிய மண்டபங்களுக்குப் பெரிய ஒலி வேண்டியதாயிற்று. 1825 இல் பொஸ்தன் நகரத்து அல்பியசு பபுக்கொக்கு சதுரப் பியானோவுக்கு ஒரே வார்ப்பான இரும்புச் சட்டகத்தை அமைத்தார். 1826 இற் பாரிசில் ஆன்றி பப்பே தோலுக்குப் பதிலாக அழுத்திய கம்பளியைச் சுத்தியலின்மீது போர்த்தார். இரும்பு தந்திகளின் இழுவிசையைத் தாங்கியது, தந்திகள் தடித்தன, சுத்தியல்களும் தடித்தன. இன்றைய பெரும் பியானோவிற் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 20 தொன் ஆகும். கனத்த சுத்தியலைச் சமன்செய்யக் கட்டைகளுள் ஈயத்துண்டுகள் பதிக்கப்பட்டன. கட்டையை மெல்லத் தாழ்த்த இன்று ஏறத்தாழ 50 கிராம் நிறை வேண்டும். மோட்சார்ட் அறிந்த கருவிகளில் அது மிகக் குறைவு. மண்டபம் நிறைந்தது, விரல் பாரம் சுமந்தது.

இல்லங்களுக்கென எழுந்த நிமிர்நிலைப் பியானோவிற் சுத்தியல் மேல்நோக்கியன்றி முன்னோக்கி அடிப்பதால், அது மீள்வதற்குப் புவியீர்ப்பு போதிய துணை புரிவதில்லை. இலண்டனில் இரொபேட்டு வோணம் சுத்தியலைப் பின்னிழுக்கும் ஒரு சிறு துணிநாடாவைச் சேர்த்து, 1842 இற் காப்புரிமை பெற்றார். அந்நாடா இன்றும் நிமிர்நிலைப் பியானோக்களில் உளது. ஆயினும் மீள்நெம்பு அவற்றிற் பொதுவாக இன்மையாற், பெரும் பியானோவின் விரைவு அவற்றுக்கு வாய்ப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டிற் புதிய பொருள்களால் இப்பொறியைத் திருத்தும் முயற்சி தோன்றியது. பொறியின் அச்சாணிகள் துணி உறையினுள்ளே திரும்புவன. ஈரப்பதன் மிகுந்தால் துணி பருத்து அசைவு தடைப்படும். 1962 இல் நியூயோர்க்கு ஸ்ரைன்வே நிறுவனம் துணிக்குப் பதிலாக டெப்லோன் என்னும் வழுக்குந் தன்மையுள்ள செயற்கைப் பொருளைப் பயன்படுத்தியது. டெப்லோன் பருக்கவில்லை, ஆனால் அதனைச் சூழ்ந்த மரம் பருத்தது, சுருங்கியது. உறை தளர்ந்து பொறியிற் சொடுக்கொலி எழுந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் துணிக்கே மீண்டது. மரத்தோடு சேர்ந்து துணியும் மாறியமையே பழைய முறையின் மறைந்த நலமாய் இருந்தது. யப்பானியக் கவாய் நிறுவனமோ 1970களில் மரத்தையே நீக்கிச் சில உறுப்புகளைச் செயற்கைப் பொருளாற் செய்யத் தொடங்கி, அவ்வழியிலே தொடர்ந்து செல்கின்றது.

முடிவுரை

இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகள் இரண்டு. முதலாவது, ஒரு கண்டுபிடிப்பு நிறைவுற்றதாய் இருத்தல் மட்டும் போதாது. அதனைச் செய்யவல்ல கைகளும் வாங்கவல்ல இல்லங்களும் அதற்கேற்ற இசையும் கூடிவரும் வரை அது காத்திருக்கும். கிறித்தோபோரியின் இடைநெம்பு, எராட்டின் பொறியிற் புது வடிவுடன் திரும்பி வருதற்கு நூறாண்டுக்கு மேற் சென்றது. இரண்டாவது, திருத்தம் என்பது எப்போதும் ஒரு பண்டமாற்று ஆகும். எதனைப் பெற்றோம் என்பதுடன் எதனைக் கொடுத்தோம் என்பதையும் எண்ணிப் பார்ப்பவனே நல்ல திருத்தக்காரன். நல்ல வரலாற்றாசிரியனும் அவனே.

இன்று மின்னணுப் பியானோக்கள் பெருகிவிட்டன. அவற்றில் தந்தி இல்லை. ஆகவே தந்தியை விட்டு விலகவேண்டிய தேவையும் இல்லை. அங்ஙனமிருந்தும், அவற்றுட் சிறந்தவற்றைச் செய்வோர் கட்டைக்குக் கீழே நிறையொன்றைச் சுத்தியல்போல் இணைத்து, விடுவிப்பு நிகழுங்கால் விரல் உணரும் அச்சிறு தடையையும் வேண்டுமென்றே அமைக்கின்றனர். ஒரு பொறியின் தேவை மறைந்த பின்னரும் விரல் அதனைத் தேடுகின்றது. மெடிச்சி இளவரசரின் பணியாளர் ஒருவர் புளோரன்சிற் செதுக்கிய மரத்துண்டிற்கு இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேண்டுவதில்லை.