உள்நுழைவுப் பதிவு வடிகட்டி

கணினிக்குள் யார், எப்போது, எங்கிருந்து நுழைந்தார் என்னும் பதிவுகளைத் தேடியெடுத்துச் சலிக்கும் மென்பொருள். விண்டோஸில் வெற்றிகரமான நுழைவு நிகழ்வு எண் 4624 என்றும் தோல்வி 4625 என்றும் பதிவாகும். தோல்விகளைச் சலித்தாலே போதும் என்ற எண்ணம் பரவலானது. ஹைதராபாத் மகேஷ் கூட்டுறவு வங்கித் திருட்டு அதை ஐயத்துக்குள்ளாக்குகிறது. 2021 நவம்பரில் ஊழியர்களுக்குப் போலி மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றின் வழியே நுழைந்தவர்களால் 2022 ஜனவரியில் 12 கோடி ரூபாய்க்கு மேல் பறிபோனது. திருடிய கடவுச்சொல்லோடு வருபவர் 4624 ஆகத்தானே பதிவாவார்? எனவே வெற்றிகரமான நுழைவுகளையும் நேரம், முகவரி, பயனர் மூன்றையும் சேர்த்துப் பார்த்தே சலிக்க வேண்டும். இதனால் பொய் எச்சரிக்கைகள் பெருகும் என்பர். உண்மைதான், ஆனால் வழக்கமான பணிநேரத்தையும் கணினிகளையும் முதலில் வரையறுத்துவிட்டால் அவை பெருமளவு குறையும். இப்படிச் சலிக்கப் பதிவுகள் எஞ்சியிருக்க வேண்டும்; அவற்றை 180 நாள் பாதுகாக்குமாறு இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பணித்தது.