கலைஞனும் கருவியும்



சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் பெருவழியில், கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, பெரியபாளையம் சாலை பிரியுமிடத்தில் புதுவாயல் என்னும் ஊர் இருக்கிறது. இரவும் பகலும் சரக்கு லாரிகள் ஓயாமல் ஓடும் ஊர் அது. அவ்வூரில் ஓர் இளைஞனின் வீட்டில் நான் கண்ட காட்சியே இன்றைய பேச்சுக்குத் தோற்றுவாய்.

அவ்விளைஞன் ஒருகாலத்தில் என் மாணவன். பள்ளி ஆண்டு விழாவில் மின் கிதார் வாசிப்பதற்கு இசைவு கேட்டு அவன் என்முன் வந்து நின்ற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “இரைச்சலுக்கு இங்கே இடமில்லை, தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் வாசிப்பை ஒருமுறையேனும் நான் கேட்டிருந்தேனா என்றால், இல்லை. கேளாமலே தீர்ப்புக் கூறிவிட்டேன். இப்பொழுது அவன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் முறைவேலை பார்க்கிறான். அண்மையில் என்னைக் கண்டு, “ஐயா, ஒரு நாள் வீட்டுக்கு வரவேண்டும்” என்று அழைத்தான். சென்றேன்.

சிறிய அறை. ஒரு கிதார், தரையில் வரிசையாக நான்கு சிறு பெட்டிகள், மூலையில் ஒரு பெருக்கி. அப்பெட்டிகளைக் காலால் மிதித்து இயக்குவதால் அவற்றைப் பெடல் என்கிறார்கள். ஒன்று ஒலியைக் கரகரப்பாக்குவது. மற்றொன்று வாசித்த ஒலியைச் சிறிது நேரம் கழித்துத் திரும்ப ஒலிப்பது. வேறொன்று பெரிய மண்டபத்தின் முழக்கத்தை உண்டாக்குவது. இன்னொன்று குரல் வாயைத் திறந்து மூடுவது போல ஒலியின் நிறத்தை மாற்றுவது. “இவற்றை ஏன் இந்த வரிசையில் வைத்தாய்?” என்று கேட்டேன். அவன் எதிரொலிப் பெட்டியைக் கரகரப்புப் பெட்டிக்கு முன்னால் மாற்றி வைத்து வாசித்துக் காட்டினான். எதிரொலிகள் எல்லாம் சேர்ந்து கரகரத்து, ஒன்றோடொன்று குழம்பிப் போயின. பழையபடி பின்னால் வைத்தான். ஒவ்வோர் எதிரொலியும் தெளிவாகக் கேட்டது. அன்று ஆசிரியன் அவன், மாணவன் நான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்தது. இப்படிக் கலைஞன் தன் கருவியைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்வது புதிய வழக்கமா? அல்லது நம் மரபில் முன்பே உள்ளதா? விடை தேடி வரலாற்றைப் புரட்டினேன். கண்டவற்றுள் சிலவற்றை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலில் மின் கிதாரின் பிறப்பைக் காண்போம். அமெரிக்க நாட்டு நடன இசைக்குழுக்களில் பித்தளை ஊதுகருவிகளின் முழக்கத்துக்கு இடையே கிதாரின் மெல்லிய நாதம் செவிக்கு எட்டவில்லை. இந்தக் குறையே புதிய கருவிக்குக் காரணமாயிற்று. 1931ஆம் ஆண்டில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்பவரும் சேர்ந்து ஒரு மின் கிதாரை உருவாக்கினர். வாணலியைப் போன்ற வடிவம் உடையதாதலின், ‘வாணலி’ என்றே அதற்குச் செல்லப்பெயர் வழங்கிற்று. மடியில் கிடத்தி, தந்தியின்மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஹவாய் வகைக் கிதார் அது. நம் கோட்டுவாத்தியத்தைக் கண்டவர்களுக்கு அவ்வாசிப்பு முறை அந்நியமாகத் தோன்றாது.

அதன் தத்துவம் நீங்கள் பௌதிகப் பாடத்தில் படிப்பதுதான். காந்தப்புலம் மாறினால் கம்பிச்சுருளில் மின்னோட்டம் தோன்றும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். கிதாரின் எஃகுத் தந்திகளுக்குக் கீழே காந்தமும் மெல்லிய செம்புக் கம்பிச்சுருளும் உள்ளன. தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் அதே அதிர்வுடைய நுண்ணிய மின்னலை பிறக்கிறது. பெருக்கி அதனை வலுப்படுத்த, ஒலிபெருக்கி அதனை மீண்டும் ஒலியாக்குகிறது. ஒலியை மின்சாரம் பெருக்கித் தருவதால், கிதாருக்கு உள்ளீடற்ற பெட்டி போன்ற உடல் தேவையில்லாமற் போயிற்று. 1950ஆம் ஆண்டில் லியோ ஃபெண்டர் கட்டைமரத்தாலான கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

பெடல்களின் வரலாறோ இன்னும் சுவையானது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் கருவி பழுதுற்று, ஒரு தந்திக் கருவியின் நாதம் கரகரப்பாகப் பதிவாயிற்று. அப்பிழையைக் கேட்டவர்கள் அதிலும் ஓர் அழகு இருப்பதை உணர்ந்தனர். 1962இல் அந்தப் பிழையை வேண்டும்போது உண்டாக்கித் தரும் பெட்டி விற்பனைக்கு வந்துவிட்டது! 1967இல் வாய் திறந்து மூடுவது போன்ற ஒலி தரும் பெடல் வந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்னும் கலைஞர் இடக்கைப் பழக்கம் உடையவர். வலக்கையினருக்குச் செய்த கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டு, இப்பெடல்களையும் வலிமையான பெருக்கிகளையும் இணைத்து, உலகம் அதுவரை கேட்டிராத நாதத்தை எழுப்பினார். கடையில் வாங்கியதை அப்படியே ஏற்காமல் தனக்கேற்ப அமைத்துக்கொண்டார் என்பதே நாம் கருதத்தக்கது.

இதெல்லாம் மேனாட்டார் வழக்கம், நமக்கு இதில் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு, நெருங்கிய தொடர்பே உண்டு.

நம் வீணையையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் காணும் தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் மெழுகில் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. இவ்வமைப்பைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்ததென்று மரபு கூறும். எல்லா இராகங்களையும் ஒரே வீணையில் வாசிக்கவேண்டும் என்ற தேவை அம்மாற்றத்திற்குக் காரணம். தொன்மையானது என்று நாம் போற்றும் கருவியும் ஒருகாலத்தில் புதிதாகத் திருத்தியமைக்கப்பட்டதே.

அடுத்து வயலின். இதன் கதை நடந்த இடம் புதுவாயலுக்குத் தொலைவிலன்று. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் பெயர்பெற்ற மணலி, அக்காலத்தில் இசைப்புரவலர்களான முதலியார்களின் ஊர். இராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் அங்கே ஆதரவு பெற்று வாழ்ந்தது. அவருடைய மக்களுள் ஒருவரும், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியுமான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதனை நம் இசைக்குப் பயன்படுத்தினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அக்கருவியைக் கையாண்டு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையில் புகழ்பெற்றார்.

அந்நியக் கருவி இங்கே எவ்வாறு உறவாயிற்று? மேனாட்டார் வயலினைத் தோளில் வைத்து, மோவாயால் பற்றி வாசிப்பர். நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலையை வலக்காலின்மேல் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்துக்கொண்டனர். கருவியைத் தாங்கும் வேலை இல்லாததால் இடக்கை தந்தியின்மேல் தடையின்றி வழுக்கிச் செல்லலாயிற்று. தந்திகளையும் ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம் என்று நம் முறைக்குச் சேர்த்துக்கொண்டனர். கருவி மரத்தில் மாற்றமில்லை, அமைப்பில்தான் மாற்றம். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் இந்த வரவேற்புக் கிடைத்ததில்லை. வானொலியில் பேசும்போது வானொலியைப் பற்றிய ஒரு செய்தியை மறைப்பது முறையன்று. 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் விலக்கப்பட்டது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! காரணம் அற்பமானதன்று. நம் இசையின் உயிர் கமகம். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு அசைந்தும் வழுக்கியும் செல்லும் அந்த நயத்தை, ஒவ்வொரு கட்டையும் ஒரே சுரத்தைத் தரும் ஆர்மோனியத்தில் காட்ட இயலாது என்பதே வாதம். வாதம் வலிமையானதே. எனினும், அக்கருவியை நம்பி வாழ்ந்த கலைஞர்கள் எத்தனை பேருக்கு அதனால் வாயில் அடைபட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி மேண்டலினுக்கு வருவோம். கமகம் என்னும் உரைகல்லில் தேய்த்தால் இதுவும் தேறாத கருவி என்றே எவரும் சொல்லியிருப்பர். மெட்டுகள் நிலையானவை, தந்திகள் இரட்டை இரட்டையாக விறைப்பாக இருப்பவை, மீட்டிய நாதமோ கண்ணிமைப் பொழுதில் அடங்கிவிடும். இத்தகைய கருவியை ஆந்திர நாட்டுப் பாலகொல்லில் 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பிறந்த ஒரு சிறுவன் கையில் எடுத்தான். அவனே பின்னாளில் மேண்டலின் யு. சீனிவாஸ் என்று உலகம் போற்றிய கலைஞர். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணாக்கர். மேண்டலின் வாசிக்க அறியாதவர். ஆகவே குரு பாடுவார். சிறுவன் அதைக் கேட்டுக் கருவியில் தேடிக் கண்டுகொள்வான். விரல் எங்கே வைப்பது என்று சொல்ல ஆளில்லாத காரணத்தால், அவன் பின்பற்றியது கருவியின் பழக்கத்தையன்று, குரலின் வழியை.

அக்குரலைக் கருவியில் கொணர அவர் கையாண்ட அமைப்பு எளிமையானது. இரட்டைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகளாக்கினார். ஒற்றைத் தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்து அசைப்பது எளிது, கமகம் கைவந்தது. ஐந்தாவது தந்தி ஒன்றைச் சேர்த்தார். மந்தர ஸ்தாயி விரிந்தது. ஒற்றைத் தந்தியால் குறைந்த ஒலியை எது ஈடுசெய்வது? மின்சாரம்! மின் மேண்டலினில் நாதம் நெடிது நின்றது. நிற்கும் நாதத்தில்தான் அசைவு காட்ட இடமுண்டு. இங்கே ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். மின்சாரம் அவருக்கு உரக்க ஒலிக்க மட்டும் பயன்பட்டதன்று. கமகத்திற்கு வேண்டிய கால அவகாசத்தை அது தந்தது.

1978இல் குடிவாடாவில் அவருடைய அரங்கேற்றம். 1981இல் சென்னை மார்கழி இசைவிழாவில், இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் வாசித்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. மின்சாரத்தில் இயங்கும் மேனாட்டுக் கருவியோடு மேடையேறிய பாலகனை ஐயத்தோடு நோக்கியவர்கள் இருந்திருப்பர். ஆனால் கேட்டார்கள், கேட்டபின் தீர்ப்பளித்தார்கள். 1998இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2014 செப்டம்பர் 19ஆம் நாள், தமது 45ஆம் வயதில், சென்னையில் அவர் மறைந்தார். கர்நாடக இசையில் மேண்டலினுக்கென ஓர் இடத்தை நிலைநாட்டிவிட்டே மறைந்தார்.

கொடுப்பது ஒருபக்கம் மட்டுமன்று. ஜான் மெக்லாஃப்லின் என்னும் ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். வீணையில் மெட்டுகள் உயர்ந்து நிற்பதால் தந்தியை ஆழமாக இழுக்கலாம். கிதாரில் மெட்டுகளுக்கு இடையே உள்ள மரம் விரலைத் தடுக்கும். ஆகவே அவர் அம்மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிதாரைச் செய்வித்தார். உடன் ஒலிக்கும் ஏழு தந்திகளையும் அதன் உடலில் குறுக்கே பொருத்துவித்தார். எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் முதலியோருடன் 1970களில் அவர் அமைத்த ‘சக்தி’ குழுவில் அக்கிதார் ஒலித்தது. பிற்காலத்தில் அக்குழுவின் தொடர்ச்சியில் சீனிவாசும் இடம்பெற்றார். வீணையிடம் கற்ற கிதாரும், கிதாரின் மின்சாரத்தைக் கடன்பெற்ற மேண்டலினும் ஒரே மேடையில் சந்தித்தன!

மாணவர்களே, இவ்வரலாற்றில் உங்களுக்கு இரண்டு பாடங்கள் உள்ளன.

ஒன்று, கருவி வாங்குவோர்க்கு. விலையுயர்ந்த பெடலும் பெருக்கியும் இருந்தால் வித்துவானாகிவிடலாம் என்று மயங்காதீர்கள். சீனிவாஸ் முதலில் குரலைக் கேட்டார். அதனைக் கொணர எது வேண்டும் என்று பின்னர் தேடினார். நாதம் நெஞ்சில் முன்னே பிறக்கவேண்டும். கருவியின் அமைப்பு அதற்குப் பின்னே வரவேண்டும். இம்முறை தலைகீழானால் வீட்டில் கருவிகள் பெருகும், இசை பெருகாது.

மற்றொன்று, தீர்ப்புக் கூறுவோர்க்கு. இஃது எனக்கும் உரிய பாடம். கருவியின் வடிவைக் கண்டு வாயிலை அடைக்கலாகாது. உரைகல் வேண்டும், அது கமகமாகவே இருக்கட்டும். ஆனால் உரைத்துப் பார்த்த பின்னரே பொன்னா, பித்தளையா என்று சொல்லவேண்டும்.

அன்று புதுவாயலில் அந்த இளைஞன், பெடல்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கிதாரைப் பெருக்கியோடு மட்டும் இணைத்து மோகன இராகத்தைச் சிறிது வாசித்தான். காந்தாரத்தில் தந்தியை மெல்ல இழுத்து நிறுத்தினான். வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன; இரைச்சல் அங்கேதான் இருந்தது. “தம்பி, அன்று உன்னை வாசிக்கவிட்டிருக்க வேண்டும்” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, “இன்று கேட்டீர்களே, ஐயா, அது போதும்” என்றான்.

எனக்கு அது போதவில்லை. அவனுக்கு மறுத்த மேடையை என்னால் இனித் திருப்பித் தர இயலாது. உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் புதிய கருவியொன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவன் வந்து நின்றால், முதலில் அவனை வாசிக்கச் சொல்லுங்கள். அதுவே நான் உங்களிடம் வேண்டுவது.