மைசூர் சமஸ்தானத்து மனநல மருத்துவமனையும் நரம்பணுக்களின் கிளைகளும்

மைசூர் சமஸ்தானத்தின் அரியணை மைசூருவில் இருந்தது. மனநோயாளிகளின் விடுதியோ பெங்களூரில் இருந்தது. 1847-இல் தோன்றிய அப்பைத்தியக்கார விடுதிக்கு 1925-இல் மைசூர் அரசு ‘மனநல மருத்துவமனை’ எனப் பெயர் மாற்றியது. வெறும் பெயர்மாற்றம் என்று இதைக் கடந்துவிட இயலாது. அடைத்துவைக்கப்பட்டவர் நோயாளியாக ஏற்கப்பட்டார். 1954-இல் அதன் அருகே அகில இந்திய மனநல நிறுவனம் எழுந்தது. 1974-இல் இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின.

இதற்கிடையே, 1957-இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிப்பதை அறிவித்தார். மூளையில் செரோடோனின் போன்ற வேதிப்பொருள்கள் குறைவதே நோய், மருந்து அக்குறையை நிரப்புகிறது என்ற விளக்கம் பின்னர் வேரூன்றியது. ஆனால் அவற்றின் அளவு சில மணி நேரத்திலேயே உயர, நோயாளி தேறுவதற்கு வாரங்கள் ஆகின்றன. அவ்வாரங்களில் மூளையில் நிகழ்வது என்ன?

1992-இல் நியூயார்க்கில் புரூஸ் மெக்யூவன் குழுவினர் ஒரு விடையை முன்வைத்தனர். நாள்பட்ட மன அழுத்தத்தால் எலிகளின் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. டியானெப்டின் என்னும் மனச்சோர்வு மருந்து அச்சுருக்கத்தைத் தடுத்தது. (தமிழில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் காரணத்தையும் நோயையும் குறித்துக் குழப்புகிறது, இங்கு அது காரணத்தை மட்டுமே சுட்டும்.)

பெங்களூரு இக்கதையைச் சிக்கலாக்கியது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர், எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாள் அசையவிடாமல் வைத்து ஆராய்ந்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஹிப்போகாம்பஸில் கிளைகள் சுருங்கின. அச்சத்தை ஆளும் அமிக்டலாவிலோ அவை தழைத்தன. 2004-இல் வந்த தொடர் ஆய்வில், 21 நாள் ஓய்வுக்குப் பின் ஹிப்போகாம்பஸ் மீண்டது, அமிக்டலா மீளவில்லை. ஆகவே, சுருங்கியதை மீட்பது மட்டுமே காப்பு ஆகிவிடாது.

நிம்ஹான்ஸின் டி. ஆர். ராஜு, பி. எஸ். சங்கரநாராயண ராவ் குழுவினரின் 2011 ஆய்வு மன அழுத்தத்தைப் பற்றியதன்று, மனச்சோர்வைப் பற்றியது. எஸ்சிடலோபிராம் தொடர்ந்து அளிக்கப்பட்ட எலிகளில் இடமறியும் கற்றலும், ஹிப்போகாம்பஸில் நரம்பிணைப்புகள் வலுப்படும் திறனும் மீண்டன. அவ்வெலிகளுக்கு மனச்சோர்வு வந்த விதம்தான் வியப்பு: பிறந்த சில நாள்களிலேயே அவற்றுக்கு குளோமிப்ரமின் செலுத்தப்பட்டிருந்தது. அதுவும் மனச்சோர்வு மருந்தே.