ரேங்கினின் ஐந்தாம் படி: வடசென்னைப் பக்கவாத நோயாளியும் செவிலியர் ஒருங்கிணைப்பின் வரலாறும்

இந்தியாவில் பக்கவாத மறுவாழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘அட்டெண்ட்’ ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினருக்கு அதோடு கூடுதலாக ஒன்று: குடும்பம் குறித்துக் கொடுத்த ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி. நோயைப் பற்றிய விளக்கம், சேர்ந்து இலக்கு வகுத்தல், பராமரிப்பவருக்கான பயிற்சி, குறிப்பிட்ட செயல்களைப் பழக்குதல் ஆகியவை மருத்துவமனையிலேயே தொடங்கி, வீட்டில் இரண்டு மாதம்வரை தொடர்ந்தன. ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது பயிற்சிக் குழுவில் 607 பேரில் 285 பேரும், மறு குழுவில் 605 பேரில் 287 பேரும் இறந்திருந்தார்கள், அல்லது பிறரைச் சார்ந்திருந்தார்கள். இரு பக்கமும் 47 விழுக்காடு.

ஆய்வுக் குழு இதற்குச் சொன்ன பொருள் தெளிவானது. பொறுப்பைக் குடும்பத்தாருக்கு மாற்றும் புதிய மறுவாழ்வுச் சேவைகளில் முதலீடு செய்வதை இம்முடிவு ஆதரிக்கவில்லை. புதிய சான்று வந்தால் பார்க்கலாம். சுகாதார உதவியாளர்களுக்கோ குழுவாக இயங்கும் சமூகச் சேவைக்கோ பொறுப்பை மாற்றினால் என்னவாகும் என்பதை இனி ஆராயலாம் என்ற பரிந்துரையும் கூடவே உண்டு. எண்ணிக்கையில் எனக்கு மறுப்பு இல்லை. இவ்வளவு பெரிய ஆய்வை இந்திய மருத்துவமனைகளில் இவ்வளவு ஒழுங்காக நடத்தியதே பெரிய காரியம். என் மறுப்பு அந்தப் பொருள்கோளோடு. பொறுப்பை மாற்றுவது என்றால் அது முதலில் வேறொருவர் கையில் இருந்திருக்க வேண்டும். நம் பொது வார்டுகளில் அந்தப் பொறுப்பு எப்போது செவிலியர் கையில் முழுதாக இருந்தது?

ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையின் வரலாற்றில் இக்கேள்வியை வைத்துப் பார்க்கலாம். 1782இல் ஹைதர் அலி போர்க்காலப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம், 1799இல் ஜான் அண்டர்வுட் அங்கே அமைத்த மருத்துவமனை, 1877இல் வந்த ராயபுரம் துணை மருத்துவப் பள்ளி என்ற வரிசை பலரும் அறிந்தது. வடசென்னையின் பழைய ஆட்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். இப்போதைய பெயர் ஏறிய ஆண்டு மட்டும் சிக்கலானது. ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி 1936 மார்ச்சில் ஐந்தாண்டுப் படிப்பைத் தொடங்கிவைத்தார் என்றும், 1938 ஜூலை 2 முதல் பெயர் மாறியது என்றும் பரவலாக எழுதுகிறார்கள். ஆனால் ஸ்டான்லி ஆளுநராக இருந்தது 1929 முதல் 1934 வரை; 1936இல் அந்த நாற்காலியில் இருந்தவர் எர்ஸ்கின். ஆண்டு தவறா, தொடங்கிவைத்தவர் பெயர் தவறா என்பது தீராமலே கிடக்கிறது. நம் வாதத்துக்கு வேண்டியது வேறு: இந்த நிறுவனம் சோறு போடும் இடமாகத் தொடங்கி, பிறகு மருத்துவம் பார்க்கும் இடமாகி, அதற்குப் பிறகு மருத்துவம் கற்பிக்கும் இடமானது. படுக்கையோரப் பராமரிப்பு இந்தப் படிகளில் எதிலும் தனி நோக்கமாக அமையவில்லை.

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கியது. சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926இல் வந்தது. ஆனாலும் 1946இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு நாடு முழுவதையும் கணக்கெடுத்தபோது செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர்தான். 43,000 மக்களுக்கு ஒருவர். 1971க்குள் 7,40,000 பேர் வேண்டும் என்று அக்குழு எழுதியது. நம் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரும் அக்குழுவில் இருந்தார். இந்த இடைவெளியை யாரோ நிரப்பியாக வேண்டும். நிரப்பியவர்களைப் பதிவேடுகளில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அவர்கள் படுக்கைக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்த மனைவி, மகள், தங்கை. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவு. அது காகித அளவு என்பதை வார்டுக்குள் நுழைந்தவர்கள் அறிவார்கள். சிஸ்டர் ஊசி போடுவார், டிரிப் மாற்றுவார், கேஸ் ஷீட் எழுதுவார். புரட்டிப் படுக்க வைப்பதும் துடைப்பதும் ஊட்டுவதும் யூரின் பேக் நிறைந்ததைக் கவனிப்பதும் ‘கூட இருக்கிறவங்க’ வேலை.

இதை வைத்துக்கொண்டு ‘அட்டெண்ட்’ ஆய்வைத் திரும்பப் படித்தால் ஒப்பீட்டின் தன்மையே மாறுகிறது. வழக்கமான சிகிச்சைக் குழுவிலும் குடும்பம் இருந்தது. ஆய்வில் சேர்வதற்கே, பராமரிக்க ஒருவரைக் குடும்பம் குறித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஆக, ஒப்பிடப்பட்டவை குடும்பப் பராமரிப்பும் செவிலியர் பராமரிப்பும் என்று கொள்ள இடமில்லை. கற்றுக்கொடுக்கப்பட்ட குடும்பமும், தானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட குடும்பமும்தான் எதிரெதிரே நின்றன. இரண்டுக்கும் மேலே, யார் எதை எப்போது செய்வது என்று இணைத்துப் பார்க்கும் செவிலியர் இரு பக்கமும் ஒரே அளவில் இருந்தார் அல்லது ஒரே அளவில் இல்லாமலிருந்தார். 47க்கு 47 என்று வந்ததில் எனக்கு வியப்பில்லை.

இங்கே அந்த ஆய்வின் அளவுகோலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிளாஸ்கோவில் ஜான் ரேங்கின் 1957இல், 60 வயதைக் கடந்த பக்கவாத நோயாளிகளைப் பற்றி எழுதியபோது ஐந்து படிகளை வகுத்தார். பின்னாளில் அறிகுறியே இல்லாத நிலைக்கு 0, மரணத்துக்கு 6 என்று இரு முனைகளும் சேர்ந்தன. மூன்றாம் படியில் இருப்பவருக்குச் சில வேலைகளில் உதவி வேண்டும், ஆனால் துணையில்லாமல் நடப்பார். நான்கில் துணையின்றி நடக்கவும் முடியாது, தன் உடல் தேவைகளைத் தானே பார்த்துக்கொள்ளவும் முடியாது. ஐந்தில் படுத்த படுக்கை, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லை, இடைவிடாத செவிலியர் கவனிப்பு வேண்டும். ‘அட்டெண்ட்’ 3 முதல் 6 வரை ஒரே கூடையில் போட்டது. எழுந்து தானே கழிப்பறைக்குப் போய்வரும் அம்மாவும், படுக்கைப் புண்ணோடு கிடக்கும் அம்மாவும், இறந்துபோன அம்மாவும் அந்தக் கணக்கில் ஒன்று.

திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில் இந்தப் படிகளுக்கு என்ன பொருள் என்று யோசிக்கலாம். ஐந்திலிருந்து நான்குக்கு வந்தால் ராத்திரி தூக்கம் கிடைக்கும். மருமகள் மீண்டும் வேலைக்குப் போகலாம். நான்கிலிருந்து மூன்றுக்கு வந்தால் பகலில் வீட்டைப் பூட்டாமல் விட்டுப் போகலாம். செவிலியர் ஒருங்கிணைப்பின் பலன் தெரிய வேண்டிய இடமே இந்த இரண்டு படிகள்தான் என்பது என் வாதம். முதன்மை முடிவு அவற்றை எண்ணாமல் கடந்துவிட்டது. இதற்கு எதிர்வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. துணை முடிவுகளும் கைகொடுக்கவில்லை: இறப்பு 12க்கு 14 விழுக்காடு, மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 14க்கு 13. புள்ளியியல்படி இரண்டிலும் வேறுபாடு இல்லை. பிரிட்டனில் 36 பக்கவாத மறுவாழ்வுப் பிரிவுகளில் 928 நோயாளி–பராமரிப்பாளர் இணைகளை வைத்து நடந்து 2013இல் வெளியான ஆய்விலும், பராமரிப்பவருக்குப் பயிற்சி கொடுத்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும் என்ற கருத்தை இவை உண்மையிலேயே சாய்க்கின்றன. நானும் அதைத் தூக்கி நிறுத்த வரவில்லை.

‘ஒருவர்’ என்பதுதான் சிக்கல். துறைமுகம், மணலி, எண்ணூர் என்று ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீடுகளில் பராமரிப்பு ஒருவர் கையில் இருப்பதில்லை. பகலில் மனைவி, நைட் ஷிஃப்ட் இல்லாத வாரத்தில் மகன், ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து வரும் அக்கா. ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தது அடுத்தவருக்குப் போய்ச் சேரும்போது பாதி உதிர்ந்துவிடும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவும் என்று மனைவிக்குத் தெரியும், மகனுக்குத் தெரியாது. எண்களால் நிறுவப்பட்ட முடிவாக இதை நான் முன்வைக்கவில்லை. வார்டின் நடைமுறையிலிருந்து எடுத்த ஊகம். ஆனால் வலுவான ஊகம்.

செவிலியர் ஒருங்கிணைப்புக்கு நேரடிச் சான்று வேறு திசையிலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் சாண்டி மிடில்டன் குழு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில் புது மருந்தோ கருவியோ கிடையாது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் என்ற மூன்றையும் செவிலியர்களே முறைப்படி கண்காணித்து உடனுக்குடன் செயல்பட்டார்கள். 90 நாள் கழித்து இறந்தவர்களும் சார்ந்திருந்தவர்களும் 42 விழுக்காடு. வழக்கமான பிரிவுகளில் 58. இதை 47க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வைக்க முடியாது. மிடில்டன் குழு ரேங்கின் 2இலிருந்தே சார்ந்திருத்தல் என்று எண்ணியது. கோடு வேறு இடத்தில் விழுகிறது. எண்களை விட்டுவிட்டு முறையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மூன்றில் விழுங்குதல்தான் நம் வார்டுக்கு முதன்மையானது. பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டைத் தசையும் தளர்ந்திருக்கலாம். கெட்டியான உணவைவிடத் தண்ணீராக ஓடும் திரவமே மூச்சுக்குழாய்க்குள் எளிதில் இறங்கும், பிறகு நிமோனியா. கஞ்சி ஊற்றப் பிறந்த ஆஸ்பத்திரியில், நோயாளிக்கு நல்லது என்று வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும் நீர்த்த கஞ்சியே முதல் இரண்டு நாளில் ஆபத்தானது என்பதைச் சொல்ல யாராவது வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பூனில் சிறிது தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, குரல் கரகரக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடம் போதும். அந்தச் சில நிமிடத்தை எந்த ஷிஃப்டில் எந்த சிஸ்டர் செய்வது, முடிவை அடுத்த ஷிஃப்டுக்கு எப்படிச் சொல்வது, மூக்குவழி உணவு செலுத்த ரைல்ஸ் ட்யூப் போட்டவருக்கு அது எப்போது எடுக்கப்படும் என்பதை வீட்டாருக்கு யார் சொல்வது என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருந்தால்தான் அதை ஒருங்கிணைப்பு என்று சொல்ல முடியும்.

தமிழ்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பக்கவாதத்தின் வழியாக வளரவில்லை என்பதும் இத்தாமதத்துக்கு ஒரு காரணம். வேலூரில் மேரி வர்கீஸ், தானே முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியிலிருந்தபடி 1966இல் மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். அங்கே முதலில் நின்றவர்கள் தண்டுவடக் காயமடைந்தவர்கள். ஸ்டான்லியில் 1970களில் ஆர். வெங்கடசாமி வளர்த்த கை மறுவாழ்வுத் துறை, சுற்றிலும் இருந்த ஆலைகளில் எந்திரத்தில் கை கொடுத்தவர்களுக்கானது. வடசென்னைக்கு அது செய்த தொண்டு பெரிது. ஆனால் கை போன தொழிலாளி பேசுவார், நடப்பார், தன் ஸ்பிளிண்டைத் தானே கழற்றி மாட்டுவார். அவருடைய மறுவாழ்வில் அறுவை மருத்துவரும் பயிற்சியாளரும் நடுவில் இருப்பார்கள், செவிலியர் ஓரத்தில். பக்கவாதத்தில் பிசியோதெரபி நாளில் அரைமணி. மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் வார்டுடையது. கைக்கு வகுத்த அமைப்பை அப்படியே நீட்டினால் இது விடுபட்டுப்போகும். அரசு மறுவாழ்வு மருத்துவமனையோ கே.கே. நகரில் இருக்கிறது. கண்டெய்னர் லாரி வரிசையைக் கடந்து எண்ணூரிலிருந்து அங்கே ஒரு நோயாளியைத் தொடர்ந்து கூட்டிப்போகச் சொல்வது சொல்பவருக்கு எளிது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த வரலாற்றில் எங்கே சேரும்? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டில் மாத்திரை தருவதாகவே அது பேசப்படுகிறது. ஆனால் அதன் குழுவில் பிசியோதெரபிஸ்டும் வலிநிவாரணச் செவிலியரும் உண்டு. பக்கவாதத்தில் படுத்தவர் வீட்டுக்கு அவர்கள் போகிறார்கள். ‘அட்டெண்ட்’ குழு எதிர்கால ஆய்வுக்கென்று ஒதுக்கிய ‘குழுவாக இயங்கும் சமூகச் சேவை’ இங்கே அரசாணையாக முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. திருவொற்றியூர் முதல் ராயபுரம்வரை மாநகராட்சியின் முதல் ஐந்து மண்டலங்களில் இதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது.

சோதிப்பதென்றால் டிஸ்சார்ஜ் சீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். அதில் மாத்திரையின் பெயரும் வேளையும் இருக்கும், அடுத்த ஓ.பி. நாள் இருக்கும். கடைசியாக விழுங்கிப் பார்த்தது எப்போது, கெட்டியாகக் கொடுக்கலாமா, யூரின் ட்யூப் என்று மாற்றியது, முதுகில் சிவந்த இடம் உண்டா, வீட்டில் யார் யார் எந்த வேளை பார்த்துக்கொள்வார்கள் என்பவற்றையும் வார்டு சிஸ்டரே எழுதி, மண்டலச் செவிலியர் பெயருக்கு அனுப்ப வேண்டும். ஒப்பீட்டுக் குழுவில் குடும்பம் என்ன செய்கிறது என்பதை முதல் நாளே பதிவுசெய்துகொள்ள வேண்டும். ‘வழக்கமான சிகிச்சை’ என்று மூடிவிடக் கூடாது. ஆறாம் மாதத்தில் எண்ணும்போது ஐந்தாம் படியிலிருந்து நான்குக்கு வந்தவர்களைத் தனியாக எண்ண வேண்டும்.