பெயரற்றவர்களின் ஊர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெரிய உப்பு ஏரிக்கு மேற்கே பரந்து கிடக்கும் பாலைநிலத்தில் டெரஸ் என்றோர் இடம் உண்டு. இன்று அங்கே வீடில்லை, கடையில்லை, தண்டவாளமும் இல்லை. சிதறிய செங்கற்களும் கண்ணாடிச் சில்லுகளும் ஓர் இடுகாட்டின் சுவடுமே எஞ்சியுள்ளன. ஆயினும், ஏறத்தாழ 35 ஆண்டுகள் அது ஆரவாரம் மிக்க ரயில் ஊராக விளங்கியது.

அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதையின் மேற்குப் பகுதியைச் சென்ட்ரல் பசிபிக் நிறுவனம் அமைத்தது. 1869ஆம் ஆண்டு அந்தப் பாதை பாலையைக் கடந்தபோது டெரஸ் பிறந்தது. 16 என்ஜின்களை நிறுத்தும் வட்டக் கொட்டகை, பழுதுபார்க்கும் பணிமனை, கடைகள், நூலகம் என ஊர் வளர்ந்தது. தொலைவிலுள்ள மலைகளிலிருந்து மரக்குழாய்கள் வழியே நீர் வந்தது.

சென்ட்ரல் பசிபிக்கின் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். பனி மூடிய சியரா நெவாடா மலையைக் குடைந்து, இந்தப் பாலைவரை பாதை கொணர்ந்தவர்கள் அவர்களே. 1869 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 10 மைல் நீளத்திற்குத் தண்டவாளம் இடப்பட்டது. அன்று தண்டவாளங்களைத் தூக்கி வைத்த எட்டு ஐரிஷ் தொழிலாளரின் பெயர்கள் வரலாற்றில் உள்ளன. உடன் உழைத்த சீனர்களின் பெயர்களை எழுதி வைப்பார் இல்லை.

பன்னிரண்டு நாள்களுக்குப் பின், மே 10 அன்று, புரோமோன்டரி மேட்டில் இரு பாதைகளும் சந்தித்தன. அந்த விழாவுக்கெனச் செய்யப்பட்ட தங்க ஆணியில், இரு பெருங்கடல்களையும் பாதை இணைப்பதுபோல நாட்டின் ஒற்றுமையையும் இறைவன் காத்தருள வேண்டும் என்னும் மன்றாட்டு பொறிக்கப்பட்டிருந்தது. பதின்மூன்றே ஆண்டுகளில், 1882இல், சீனத் தொழிலாளர் அந்நாட்டில் நுழைவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. ஏற்கெனவே அங்கிருந்த சீனர்களும் குடியுரிமை பெற இயலாதென அச்சட்டம் கூறியது. மன்றாட்டு பொன்னில் இருந்தது. சட்டமோ வேறொன்றைச் சொன்னது.

டெரஸின் முடிவு 1904இல் வந்தது. உப்பு ஏரியின் குறுக்கே போடப்பட்ட புதிய பாதை பயணத்தை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் குறைத்தது. ரயில்கள் திசைமாறின; பணிமனை வேலைகள் நெவாடாவுக்குப் பெயர்ந்தன; மக்களும் போயினர். 1942இல், போர்க்காலத் தேவைக்காகப் பழைய தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதற்கு அடுத்த ஆண்டுதான் அந்த விலக்குச் சட்டம் நீக்கப்பட்டது.

சட்டம் போனாலும் மறதி போகவில்லை. 1969இல் நடந்த நூற்றாண்டு விழா மேடையில் சீனரின் உழைப்புக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. 2014இல்தான் அமெரிக்கத் தொழிலாளர் துறை அவர்களைத் தனது மதிப்பாளர் வரிசையில் சேர்த்தது.

அண்மை ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் டெரஸில் சீனத் தொழிலாளரின் வீடொன்றை அகழ்ந்தனர். மண்ணுக்கடியில் பலகைத் தரையும் சீனப் பீங்கான் துண்டுகளும் 17ஆம் நூற்றாண்டு நாணயமொன்றும் கிடைத்தன. சம்பளப் பதிவேடுகள் பலவற்றில் அவர்கள் தலைவன் ஒருவனின் பெயரடியில் கும்பலாய் எண்ணப்பட்டவர்கள். அந்தப் பலகைத் தரையோ, அவர்கள் வெறும் எண்கள் அல்லர் என்பதைக் காட்டுகிறது. களைத்து வந்து அமர்ந்து, தம் நாட்டுக் கிண்ணத்தில் உணவருந்திய மனிதர்கள் அவர்கள். ஊர் அழிவது காலத்தின் செயல். உழைத்தவரின் பெயர் அழிவதோ, எழுதாமல் விட்ட கைகளின் செயல். நம் ஊர்ப் பாலங்களையும் ஆலயங்களையும் எழுப்பியவர்களின் பெயர்கள் எந்த ஏட்டில் உள்ளன?