ஒட்டகப் பாதையும் ஒரு மந்திரியின் ராஜினாமாவும்

அந்நிய நாட்டு விவகாரம் ராஜதந்திரிகளின் அந்தரங்க வித்தை என்றும், வயலுக்கும் ஆலைக்கும் போய் வருகிற சாமானியனுக்கு அதில் அபிப்பிராயம் சொல்ல அருகதை இல்லை என்றும் ஐரோப்பிய அரசாங்கங்கள் நெடுங்காலம் எண்ணி வந்தன. முதல் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பறிகொடுத்த ஜனங்களோ, தங்களைக் கேளாமல் கையெழுத்தான ரகசிய உடன்படிக்கைகளுக்காகத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விக்கு எவ்வளவு பலம் உண்டு, அந்தப் பலம் எந்த இடத்தில் ஓய்ந்துபோகும் என்ற இரண்டையும் ஒருங்கே காட்டிய சம்பவம் 1935-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் நடந்தது.

சர்வதேச சங்கத்தை ஆதரிப்பதற்கென்று அந்நாட்டில் ஏற்பட்டிருந்த ஸ்தாபனம், ராபர்ட் செசில் பிரபுவின் தலைமையில், வீடு வீடாகச் சென்று ஜனங்களின் கருத்தைக் கேட்டறிய முற்பட்டது. சுமார் 5 லட்சம் தொண்டர்கள் கதவைத் தட்டி ஐந்து கேள்விகள் அச்சிட்ட சீட்டைக் கொடுத்து, பதில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். 1935 ஜூன் மாத இறுதியில் முடிவு வெளியானபோது, 1 கோடியே 15 லட்சம் பேருக்கு மேல் பதில் அளித்திருந்தது தெரிந்தது. ஒரு நாடு மற்றொரு நாட்டின் மேல் படையெடுத்தால், மற்ற நாடுகள் ஒன்றுகூடிப் பொருளாதாரத் தடையால் அதை அடக்க வேண்டுமா என்ற கேள்விக்கு 1 கோடிப் பேர் 'ஆம்' என்றார்கள். அவசியமானால் ஆயுத பலத்தாலும் அடக்க வேண்டுமா என்று கேட்டபோது மட்டும், 'ஆம்' என்றவர்கள் சுமார் 68 லட்சமாகக் குறைந்தார்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார்கள். அந்த வெற்றுக் கட்டங்களின் தாத்பரியம் அன்று யார் கண்ணிலும் படவில்லை.

நம் நாட்டுக்கான 1935-ஆம் வருஷத்து அரசியல் சட்ட மசோதாவைப் பார்லிமெண்டில் நடத்திச் சென்ற ஸர் ஸாமுவேல் ஹோர்தான் அப்போது அந்நிய நாட்டு மந்திரி. செப்டம்பர் மாதம் ஜினீவாவில் கூடிய சங்கத்தின் சபையில் அவர் எழுந்து, ஆக்கிரமிப்பை எதிர்த்துச் சங்கத்தோடு இங்கிலாந்து உறுதியாக நிற்கும் என்று பிரசங்கம் செய்தார். அக்டோபர் 3-ந் தேதி இத்தாலியச் சர்வாதிகாரி முஸோலினியின் சேனைகள் அபிசீனியாவுக்குள் (இன்றைய எத்தியோப்பியா) புகுந்தன. நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில், சங்கத்துக்கு விசுவாசம் என்ற வாக்குறுதியோடு ஜனங்கள் முன் நின்ற பிரதம மந்திரி பால்ட்வினின் மந்திரிசபை பெரும்பான்மை பலத்தோடு திரும்பி வந்தது.

தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள், ஓய்வுக்காக ஸ்விட்ஜர்லாந்து போகிற வழியில் ஹோர் பாரிஸில் இறங்கி, பிரெஞ்சுப் பிரதம மந்திரி லவாலுடன் ஓர் ஒப்பந்தம் பேசி முடித்தார். அபிசீனியாவின் பெரும் பகுதிகளை இத்தாலிக்கு விட்டுக்கொடுப்பது, தெற்கே விஸ்தாரமான பிரதேசத்தை அதன் பொருளாதார ஆதிக்கத்துக்கு ஒதுக்குவது, இவற்றுக்கு ஈடாக அபிசீனியாவுக்குச் செங்கடலோரம் போக ஒரு குறுகிய பாதை தருவது என்பதே அதன் சாரம். பாரிஸ் பத்திரிகைகள் டிசம்பர் 9-ந் தேதி இதை அம்பலப்படுத்தின. அந்தப் பாதையில் ரயில் போடவும் அனுமதி கிடையாது என்ற செய்தி வரவே, லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை அதை ஒட்டகங்கள் போகும் பாதை என்று ஏளனம் செய்தது.

திருடனோடு பாகம் பேசிய காவல்காரனைக் கண்ட ஊர்போல இங்கிலாந்து கொதித்தது. தேர்தலில் வாக்களித்த ஜனங்களே தங்கள் பிரதிநிதிகளுக்குக் கடிதங்களை மூட்டை மூட்டையாக எழுதிக் குவித்தார்கள். ஆளும் கட்சி அங்கத்தினர்களே மந்திரிசபைக்கு எதிராகத் திரும்பினார்கள். முதலில் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட மந்திரிசபை அதைக் கைவிட்டது. ஸ்விட்ஜர்லாந்தில் பனிக்கட்டித் தளத்தில் சறுக்கி விளையாடி மூக்கை உடைத்துக்கொண்டு திரும்பியிருந்த ஹோர், டிசம்பர் 18-ந் தேதி ராஜினாமா செய்தார். பால்ட்வின் மறுநாள் பார்லிமெண்டில், ஜன உணர்ச்சி இவ்வளவு ஆழமானது என்பதைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பொதுஜன அபிப்பிராயத்தின் மகத்தான வெற்றி என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் அடுத்த ஆறு மாதச் சரித்திரத்தையும் படிக்க வேண்டும். இத்தாலிக்கு எதிராகச் சங்கம் விதித்து ஏற்கனவே அமலில் இருந்த பொருளாதாரத் தடைகளில் எண்ணெய் சேர்க்கப்படவே இல்லை. ஸூயஸ் கால்வாய் இத்தாலியக் கப்பல்களுக்கு மூடப்படவும் இல்லை. யுத்தம் மூண்டுவிடுமோ என்ற அச்சம் மந்திரிகளுக்கு இருந்தது. அந்த அச்சத்தைப் போக்கி, வருவது வரட்டும் என்று துணிந்து சொல்ல ஜனங்களும் முன்வரவில்லை. 1936 மே 5-ந் தேதி அபிசீனியாவின் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. நாடிழந்த சக்கரவர்த்தி ஹெயில் ஸெலாஸி ஜூன் 30-ந் தேதி ஜினீவாவில் நியாயம் கேட்டு நின்ற பிறகும், ஜூலையில் தடைகள் நீக்கப்பட்டன. ஹோரோ அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், கடற்படை மந்திரியாக மீண்டும் பதவி ஏறிவிட்டார்.

கூடாது என்று தடுக்கும் சக்தி ஜனக் கருத்துக்கு உண்டு என்பதை டிசம்பர் மாதம் நிரூபித்தது. செய்தே ஆக வேண்டும் என்று இறுதிவரை நிற்பதற்கு, அதனால் வரும் நஷ்டத்தையும் ஏற்கும் சித்தம் வேண்டும் என்பதை மே மாதம் நிரூபித்தது. அந்நிய நாட்டுக் கொள்கையில் தங்கள் குரல் ஏற வேண்டுமென்று விரும்பும் ஜனங்கள், அக்கிரமத்தைக் கண்டு ஆத்திரப்படுவதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடலாகாது. அதைத் தடுக்க என்ன விலை கொடுக்கச் சம்மதம் என்பதையும் முன்கூட்டியே தங்களுக்குள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.