கன்னாட் பிளேஸின் தாழ்வாரம்

தலைநகருக்கு உத்தியோகம் தேடிவந்த தமிழர், தங்குவதற்கு ஓர் அறையும் சோறு கிடைக்க ஓர் இடமும் அமைந்த பின் முதன்முதலாகப் போய்ப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. வெள்ளைத் தூண்கள் வரிசையாக நின்று வட்டமாக வளைந்து செல்லும் கன்னாட் பிளேஸ் என்னும் கடைவீதியே அது. 1995-ஆம் ஆண்டில் அதன் உள்வட்டத்துக்கு ராஜீவ் சௌக் என்றும், வெளிவட்டத்துக்கு இந்திரா சௌக் என்றும் பெயர் சூட்டப்பெற்றன. ஆயினும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. அங்கே பொருள் வாங்கப் போகிறவர்கள் சிலர். தூண்களின் நிழலில் ஒரு சுற்று நடந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பலர். நேயர்களில் பலர் இரண்டாவது கூட்டத்தில் ஒரு காலத்தில் இருந்திருக்கக்கூடும். அவர்களை மனத்திற்கொண்டு அந்தக் கடைவீதியின் கதையைச் சற்று ஆராய்வோம். நகரத்தின் நடுவே மூப்படைந்துவிட்ட ஓர் அங்காடியை யாருக்காகப் புதுப்பிக்கிறோம் என்ற கேள்வி, இக்கதை நெடுகிலும் தொடர்ந்து வருகிறது.

1911-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தில்லியில் நடைபெற்ற தர்பாரில், இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். அப்பொழுது இன்றைய கன்னாட் பிளேஸ் இருக்கும் நிலத்தில் கருவேல மரங்கள் அடர்ந்திருந்தன. இடையிடையே மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் என்னும் ஊர்கள் இருந்தன. புதிய கடைவீதிக்காக அவ்வூர்கள் அகற்றப்பட்டன. அங்கு வாழ்ந்தவர்கள் மேற்கே, பாறையும் புதருமாய்க் கிடந்த கரோல் பாகுக்கு அனுப்பப்பட்டனர். பிற்காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறி, மார்கழியில் கோலமும் மாலையில் மல்லிகையுமாய் வாழ்ந்த கரோல் பாக், இவ்வாறு வீடிழந்தவர்களுக்கு இடமளித்தே வளர்ந்த பகுதி என்பதை நம்மில் பலர் அறியோம். ஜெய்சிங் மகாராஜா 1724-ஆம் ஆண்டில் கட்டிய ஜந்தர் மந்தர் என்னும் வானாய்வுக் கூடம், ஓர் அனுமார் கோயில், ஒரு ஜைனக் கோயில் ஆகியவற்றைமட்டும் இடிக்காமல் விட்டார்கள்.

புதிய தலைநகருக்கு ஒரு மையக் கடைவீதி வேண்டும் என்னும் திட்டத்தை முதலில் வகுத்தவர், இந்திய சர்க்காரின் தலைமைக் கட்டடக் கலைஞராயிருந்த நிக்கோல்ஸ் என்பவர். அவர் 1917-ஆம் ஆண்டில் நாடு திரும்பிவிட்டார். பின்னர் பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞரான ராபர்ட் டோர் ரஸ்ஸல் அத்திட்டத்துக்கு உருவம் கொடுத்தார். இங்கிலாந்தில் பாத் நகரத்தில் பிறை வடிவில் அமைந்துள்ள வீட்டு வரிசையே அவருக்கு முன்மாதிரி என்று கூறுவர். 1929-இல் தொடங்கிய வேலை 1933-இல் முடிவடைந்தது. விக்டோரியா மகாராணியாரின் மூன்றாவது புதல்வரும், 1921-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து சென்றவருமான கன்னாட் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது.

அமைப்பு எளியது. நடுவே ஒரு பூங்கா. அதைச் சுற்றி உள்வட்டம், நடுவட்டம், வெளிவட்டம் என மூன்று வீதிகள். ஆரங்களைப்போல் பிரிந்து செல்லும் சாலைகள். கீழ்த்தளத்தில் கடைகள்; மேல்தளத்தில் வீடுகள். இவையனைத்தையும் ஒன்றாகப் பிணைப்பது கடைகளின் முன்னே தூண்கள் தாங்கி நிற்கும் தாழ்வாரமே. தில்லியின் வெயில் எத்தகையது என்பதை அங்கு வாழும் நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, தலையில் ஒரு துளி படாமல் ஒரு கடையிலிருந்து மறுகடைக்குப் போகலாம். தாழ்வாரத்தில் நடப்பதற்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஏன் வந்தாய் என்று கேட்பாரும் இல்லை.

தொடக்கத்தில் வியாபாரம் மந்தமாகவே இருந்தது. கோடை வந்தால் சர்க்கார் சிம்லாவுக்குப் போய்விடும். வாங்குவோரும் உடன் போய்விடுவர். ஆயினும் 1932-இல் ரீகல் திரையரங்கு திறக்கப்பட்டது. உணவு விடுதிகளும் புத்தகக் கடைகளும் ஒவ்வொன்றாக வந்தன. தென்னாட்டிலிருந்து சென்ற குமாஸ்தாக்களுக்கும் சுருக்கெழுத்தாளர்களுக்கும் வெளிவட்டத்திலிருந்த மெட்ராஸ் ஹோட்டல் ஒரு புகலிடமாயிற்று. இட்டிலியையும் சாம்பாரையும் தேடி வந்தவர்கள், ஊர்ச் செய்தியையும் வேலைச் செய்தியையும் அங்கே பரிமாறிக்கொண்டனர். இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அவ்வுணவகம் மூடப்பட்டது. எனினும் அதன் பெயர் பேருந்து நிறுத்தத்தின் பெயராக அதற்குப் பின்னும் வழங்கிவந்தது. உணவகத்தைக் கண்ணாற் பாராத இளைஞர்களும் நடத்துநரிடம் அப்பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கினார்கள்.

1947-ஆம் ஆண்டு நாட்டுப் பிரிவினை நிகழ்ந்தபோது, மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தில்லியில் குவிந்தனர். கன்னாட் பிளேஸைச் சூழ்ந்த தெருக்களில் அவர்கள் சிறு கடைகள் வைத்துப் பிழைக்கத் தொடங்கினர். சீமான்களின் அங்காடியாகக் கட்டப்பட்ட இடத்தின் அருகே எளியவர்களின் அங்காடி இவ்வாறு தோன்றியது. மேல்மாடி வீடுகளும் நாளடைவில் அலுவலகங்களாகவும் கிடங்குகளாகவும் மாறின. இரவில் விளக்கணைத்தபின் அங்கே குடியிருப்போர் தொகை குறைந்துகொண்டே வந்தது.

கட்டடங்கள் சீர்கெட்டதற்குக் காலம் ஒன்றே காரணம் அன்று. 1958-ஆம் ஆண்டு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. வீடற்ற அகதிகளும் சிறு வருவாயுள்ளோரும் நிறைந்திருந்த நகரத்தில், குடியிருப்போரைக் காக்க அச்சட்டம் வேண்டியதாகவே இருந்தது. ஆனால் பெரும் வியாபாரம் நடக்கும் கடைகளுக்கும் அது பொருந்தியது. பல்லாண்டுகளுக்கு முன் பேசிய சொற்ப வாடகை அப்படியே நின்றுவிட்டது. சொற்ப வாடகை பெறும் சொந்தக்காரர் கூரையைச் செப்பனிட முன்வரவில்லை. சொந்தக்காரர் அல்லாத கடைக்காரர் பிறர் கட்டடத்தில் பணம் போட விரும்பவில்லை. 1988-இல் சட்டத்தைத் திருத்தி, மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட இடங்களுக்கு விலக்களித்தார்கள். 1995-இல் பார்லிமெண்டு ஒரு புதிய வாடகைச் சட்டத்தை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவேயில்லை. இதற்கிடையே தூண்களின் மேல் விளம்பரப் பலகைகள் ஏறின. குளிர்சாதனப் பெட்டிகள் சுவரைத் துளைத்தன. மின்கம்பிகள் கொடிபோல் படர்ந்தன. தாழ்வாரம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதைப் பேணும் பொறுப்பை மட்டும் ஒருவரும் தமதாகக் கொள்ளவில்லை.

இடையில் அவசரநிலைக் காலம் வந்தது. உள்வட்டத்தை அடுத்து ஒரு காப்பிக் கடை இருந்தது. எழுத்தாளர், பத்திரிகையாளர், அரசியல்வாதிகள், மாணவர் ஆகியோர் ஒரு கோப்பைக் காப்பியுடன் பல மணிநேரம் அமர்ந்து வாதம் செய்யும் இடம் அது. 1976-ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. அப்பகுதியில் 1970-களின் பிற்பகுதியில் பாலிகா பஜார் என்னும் நிலத்தடி அங்காடி எழுந்தது. நூற்றுக்கணக்கான கடைகள் கொண்ட, குளிரூட்டப்பட்ட அங்காடி அது. பலருக்குப் பிழைப்பு அளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. காப்பிக் கடையும் மோகன் சிங் பிளேஸ் என்னும் கட்டடத்தின் மாடியில் மீண்டும் உயிர் பெற்றது. ஆயினும் போகிற போக்கில் எவரும் நுழைந்து உட்காரக்கூடிய அந்தப் பழைய இடம் திரும்பி வரவில்லை.

புதிய தில்லி ரயில் நிலையத்தைக் கன்னாட் பிளேஸின் நடுவிலேயே அமைக்கலாம் என்று தொடக்கத்தில் ஒரு யோசனை இருந்தது. அதை ரயில்வே அதிகாரிகள் ஏற்கவில்லை. அன்று வேண்டாமென்று தள்ளிய ரயில், முக்கால் நூற்றாண்டுக்குப் பின் நிலத்தின் கீழே வந்து சேர்ந்தது. 2005-ஆம் ஆண்டு ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையம் பூங்காவின் அடியில் திறக்கப்பட்டது. நகரத்தின் நான்கு எல்லைகளிலிருந்தும் மக்கள் அங்கே வந்து இறங்கலானார்கள். மோட்டார் வைத்திருப்பவர்களின் அங்காடியாக மாறிக்கொண்டிருந்த இடம், கால்நடையாக வருவோரிடம் மறுபடி வந்து சேர்ந்தது இதனால்தான்.

அதே ஆண்டில் புது தில்லி நகராட்சி மன்றம் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடைபெறவிருந்தன. அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது உத்தேசம். முதலில் 76 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட செலவு, சுரங்க நடைபாதைகள், மின்கம்பிகளுக்கும் குழாய்களுக்கும் நிலத்தடி வழி என்று வேலைகள் சேரச் சேர 671 கோடி ரூபாய் மதிப்பீடாக உயர்ந்தது. குழிகள் வெட்டிய தெருக்களில் வியாபாரம் படுத்தது. போட்டிகள் வந்து போயின. வேலையோ 2013-ஆம் ஆண்டு வரை நீண்டது.

நன்மை விளையவில்லை என்று சொல்வது நியாயமாகாது. தூண்கள் பூச்சு பெற்று வெண்மையாயின. பெயர்ப் பலகைகள் ஒரே அளவில் அமைந்தன. உடைந்த தளவரிசை சமன் செய்யப்பட்டதால் முதியோரும் தடுக்கி விழாமல் நடக்க முடிந்தது. ஆனால் சீர்திருத்தம் பெரும்பாலும் முகப்போடு நின்றது. உட்புறம் தனியார் உடைமையாதலால், கூரைகளும் உத்தரங்களும் அவரவர் கவனிப்புக்கு விடப்பட்டன. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இரு கட்டடங்களின் மேற்கூரைப் பகுதிகள் இடிந்து விழுந்தன. அதன்பின் மொட்டைமாடிகளில் நடந்துவந்த உணவு விடுதிகளை மூடும்படி நகராட்சி மன்றம் உத்தரவிட்டது. முகப்பு பொலிந்தபோதே கூரை தளர்ந்திருந்தது அப்போது எல்லோர் கண்ணிலும் பட்டது. அடுத்த மாதக் கடைசியில் ரீகல் திரையரங்கும் தன் கதவை மூடியது.

அதே 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உள்வட்டத்திலும் நடுவட்டத்திலும் மூன்று மாதத்துக்கு மோட்டார் வண்டிகளைத் தடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை அறிவிக்கப்பட்டது. வண்டியில் வருகிறவர்கள் வேறு அங்காடிக்குப் போய்விடுவர் என்று வியாபாரிகள் அஞ்சி எதிர்த்தனர். பல ஆண்டுகள் தெரு தோண்டப்பட்டு நஷ்டப்பட்டவர்களின் அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. யோசனை நிறைவேறவில்லை. தாழ்வாரத்தில் நடப்பவர்களின் கருத்தைக் கேட்பதற்கு அவர்களுக்கென ஒரு சங்கம் இல்லை.

தாழ்வாரத்தையும் நடைபாதையையும் நம்பியிருப்போர் இன்னும் ஒரு சாரார் உண்டு. கன்னாட் பிளேஸிலிருந்து தெற்கே செல்லும் ஜன்பத் பகுதியில் ஆயத்த ஆடை விற்றுவந்த ஏழை வியாபாரி ஒருவர், தம்மை அப்புறப்படுத்தியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1989-ஆம் ஆண்டில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனம் அளிக்கும் தொழில் உரிமையில் அடங்கும். அதை நியாயமான கட்டுப்பாடுகளால் ஒழுங்குபடுத்தலாம். ஆனால் குறிப்பிட்ட ஓரிடத்தை நிரந்தரமாகத் தமதென்று எவரும் கோர முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 2014-ஆம் ஆண்டில் தெரு வியாபாரிகளுக்கென்றே பார்லிமெண்டு ஒரு தனிச் சட்டம் இயற்றியது. முன்னர் மாதோகஞ்சு மக்களை அகற்றியபோது இத்தகைய சட்டம் இல்லை. இடைப்பட்ட காலத்தில் நாடு கண்ட முன்னேற்றம் இது.

நேயர்களே, பம்பாயில் 1869-இல் கட்டி முடிந்த கிராஃபோர்டு மார்க்கெட், கல்கத்தாவில் 1874-இல் திறக்கப்பட்ட நியூ மார்க்கெட் ஆகியவற்றின் அருகே வாழும் தமிழர்களும் இவ்வுரையைப் படிப்பீர்கள். உங்கள் ஊர் அங்காடிக்கும் புதுப்பிக்கும் காலம் வரும், வரவேண்டியதும் அவசியமே. ஒழுகும் கூரையின் கீழ்ப் பழமையைப் போற்றிக்கொண்டிருப்பதால் எவருக்கும் பயனில்லை. திட்டத்தின் வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது தவறாமல் போய்ப் பாருங்கள். கூரையைப் பேணுவது யார் பொறுப்பு, வேலை நடக்கும் ஆண்டுகளில் சிறு வியாபாரி எங்கே போவார், முடிந்தபின் வெறுங்கையோடு வருகிறவனுக்கு நடக்கவும் நிற்கவும் நிழல் உண்டா என்று கேளுங்கள். நாம் அயலூரில் வந்து இறங்கிய முதல் மாதத்தில், நம் பையில் பணம் இருக்கிறதா என்று பாராமல் நம்மை உள்ளே விட்டது அந்த நிழல்தான். நமக்குப் பின் வருகிறவர்களுக்கும் அது வேண்டும்.